இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வேண்டுதல்

நம் பள்ளி மலருக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதித் தர வேண்டும், தலைப்பு 'நான் நம்புவது' என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. நீங்கள் எல்லாரும் மளமளவென்று எழுதி அனுப்பிவிட்டீர்கள். உழைப்பை நம்புகிறேன் என்று ஒருத்தி, பெற்ற பிள்ளைகளை நம்புகிறேன் என்று ஒருத்தி, இந்த வயதில் மாத்திரையைத் தவிர வேறு எதை நம்ப என்று ஒருத்தி. படித்துச் சிரித்தேன். ஆனால் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் என் உள்ளங்கை வேர்த்தது உங்களுக்குத் தெரியாது.

எட்டாம் வகுப்பில் நம் தமிழ் டீச்சர் இதே தலைப்பைக் கொடுத்தது உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். நான் எழுதியது போட்டிக்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனதும் நினைவிருக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பக்கத்தில் அது அடங்காது. மலரில் போட முடியாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் படித்தால் போதும்.

அப்போது எங்கள் வீடு ராஜபாளையத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் இருந்தது. அப்பாவுக்கு நூற்பாலையில் வேலை. வேலை முடிந்து வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா வீட்டிலிருந்தபடியே பேண்டேஜ் துணி சுற்றுவாள். வெளுத்த துணி பெரிய கட்டாக வந்து இறங்கும். பிளீச்சிங் வாடை மூக்கில் ஏறும். பட்டை பட்டையாகக் கிழித்த துணியை, பலகையில் பொருத்திய ஓர் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி உருளையாக்க வேண்டும். அந்தக் கை மெஷினை இப்போது எங்கும் பார்க்க முடியவில்லை. மத்தியானம் முழுக்க எங்கள் தெருவில் அதன் கிறீச் சத்தம்தான் கேட்கும்.

எதிர்வீட்டு அத்தைக்கும் அதே வேலை. அவர்கள் முஸ்லிம் குடும்பம். மாமா பஜாரில் செருப்புக்கடை வைத்திருந்தார். அத்தையும் அம்மாவும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் இவள் அங்கே போவாள், ஒருநாள் அவள் இங்கே வருவாள். இரண்டு பேருக்கும் கை வேலையில் இருக்கும், வாய் ஓயாது.

அத்தைக்கு ஒரே பெண். எல்லாரும் பாப்பா என்று கூப்பிட்டதால் எனக்கும் பாப்பாதான். என் தம்பி வயது. இருவரும் அப்போது பள்ளிக்கூடம் சேரவில்லை. மாமா கடையிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சிவப்பு வார் வைத்த செருப்பு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் காயப்போட்ட துணிகளுக்கு அடியில் புகுந்து புகுந்து ஓடுவார்கள். துணியில் கைத்தடம் பட்டுவிடும் என்று நான் விரட்டுவேன்.

அந்த ஐப்பசி மழையில் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. முதலில் தம்பிக்கு. பிறகு பாப்பாவுக்கு. சூடு ஏறி ஏறித் தம்பிக்கு வலிப்பு கண்டது. மூளைக்காய்ச்சல் என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அந்தச் சொல்லே எனக்கு அப்போதுதான் தெரியும். மாமா ஒரு வேன் பிடித்து வந்தார். இரண்டு பிள்ளைகளையும் அதில் படுக்க வைத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

என்னை அதே ஊரில் மடவார் வளாகம் என்ற பகுதியில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். காலையில் பெரியம்மா கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றித் தருவாள். கோயில் மதிலை ஒட்டி நடந்து நான் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் இரண்டும் கிடந்தன. கண் பாதி திறந்திருக்கும், ஆனால் யாரையும் பார்க்காது. கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைக்கிற ஏனத்திலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும்.

வார்டுக்கு வெளியே வராந்தாவில் அம்மாவும் அத்தையும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் நான் கஞ்சியோடு போனபோது அம்மா மேற்கே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு சத்தமாகவே வேண்டினாள். "மலைமேல இருக்க பெருமாளே, ரெண்டு பிள்ளைகளையும் காப்பாத்திக் குடு. ரெண்டுக்கும் ஒன் மலையில வந்து மொட்டை போடுதேன்."

அத்தை அழுகைக்கு நடுவிலும் சொன்னாள். "எம்மவளுக்குமா மதினி மொட்டை? அவ ஒத்துக்கிட மாட்டாளே."

பிறகு அத்தை எழுந்து உள்ளே போனாள். முக்காட்டை இழுத்துவிட்டு, வாய்க்குள் ஓதி, பாப்பாவின் முகத்தில் மெதுவாக ஊதினாள். அடுத்த கட்டிலுக்கு வந்து தம்பியின் முகத்திலும் அதேபோல ஊதினாள். அவன் நெற்றி முடி அசைந்தது. நான் தூக்குவாளியோடு வாசற்படியில் நின்று பார்த்தேன். இரண்டு பேரும் இரண்டு பிள்ளைகளுக்காகவும் கேட்கிறார்கள் என்று எனக்குப் பெரிய தைரியம் வந்தது.

அதற்குப் பின் ஒரு காலையில் நான் போனபோது பாப்பாவின் கட்டிலில் ரப்பர் ஷீட்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அத்தை தரையில் கிடந்தாள். அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி கண்ணைத் திறந்து, தெளிவான குரலில், "என் செருப்பு எங்க?" என்று கேட்டான்.

அம்மா திரும்பினாள். அவள் முகத்தில் அப்போது வந்ததை நான் என்னவென்று சொல்வேன். சந்தோஷம் வந்தது, வந்த கையோடு அதை அவள் விழுங்கினாள். அத்தையைப் பிடித்திருந்த கையை எடுக்கவும் முடியாமல், தம்பியிடம் போகவும் முடியாமல் அப்படியே இருந்தாள். நான்தான் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் அம்மாவிடம், "ஒங்க பெருமாள் கைவிடல தாயி" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அம்மா எதிர்வீட்டுக் கதவைப் பார்ப்பாள். அத்தை வெளியே வருவதில்லை. அவள் வீட்டு மெஷின் சத்தம் நின்றே போனது. அம்மா தினமும் போய்ச் செத்த நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாள். பேச்சு இருக்காது.

தம்பிக்கு மொட்டை போடப் போகவே இல்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது. முடி வளர்ந்து பிடரியில் விழுந்தது. கேட்டவர்களிடம் எல்லாம் "போகணும், போகணும்" என்றாள் அம்மா. சாமி கடனை வைத்திருக்கக் கூடாது என்று பெரியம்மா வந்து சத்தம் போட்டாள். அம்மா பேண்டேஜ் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஏன் இப்படிச் செய்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது ஒன்றுதான்: கேட்டதைக் கொடுத்த சாமிக்குச் சொன்னதைக் கொடுக்காமல் இருக்கிறோம், கொடுத்ததை அவர் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் டீச்சர் அந்தத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதியது அந்தத் தை மாதத்தில்தான். "பாடத்துல உள்ளத எழுதாதீங்க. அப்பா அம்மா சொன்னத எழுதாதீங்க. நீங்க எத நம்புறீங்களோ அத மட்டும் எழுதுங்க" என்றார். நாம் ஒருவரையொருவர் பார்த்து விழித்தோம். அவர் புதிதாக வேலைக்கு வந்தவர். சொன்னதை எழுதிப் பழகிய நமக்கு அவர் கேட்டது புரியவில்லை. நீங்கள் பெரும்பாலும் மாதா பிதா குரு தெய்வம் என்று எழுதினீர்கள். எனக்கும் அப்படி எழுதத்தான் எண்ணம். ஆனால் பேனாவை வைத்ததும் கை வேறு எதையோ எழுதியது.

அது எனக்கு இன்னும் மனப்பாடம். "சாமி இருக்கிறார் என்று நம்புகிறேன். நாம் கேட்பது அவருக்குக் கேட்கிறது என்றும் நம்புகிறேன். என் அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் இரண்டு பிள்ளைகளுக்காகவும் வேண்டினார்கள். நான் பார்த்தேன். ஒரு பிள்ளையைத் தந்தார். ஒரு பிள்ளையைத் தரவில்லை. எப்படிப் பார்த்து எடுத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. சாமி அன்பானவர் என்கிறார்கள். எனக்கு அவரிடம் பயமாக இருக்கிறது. என் தம்பியைக் காப்பாற்றியவர் என்பதால்தான் இன்னும் பயமாக இருக்கிறது."

எழுதும்போது பயம் இல்லை. டீச்சர் மேசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் வந்தது. டீச்சர் படிப்பதற்கு முன்னால் சாமி படித்திருப்பாரே என்று தோன்றியது. வீட்டுக்குப் போகும் வழியில் கால் தடுக்கியது. அதுவும் அவர்தான் என்று நினைத்தேன். வீட்டில் பெருமாள் படம் போட்ட காலண்டர் அடுப்படிச் சுவரில் தொங்கும். அன்றிலிருந்து அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். தம்பி தும்மினால் என் கை சோற்றில் நின்றுவிடும். அவன் மத்தியானம் தூங்கும்போது மூக்கருகில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அம்மா ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏட்டி, தூங்குத பிள்ளைய என்ன பண்ணுத?" என்றாள். கொசு என்றேன்.

டீச்சர் அந்தக் கட்டுரையை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாசகர் மன்றம் நடத்திய போட்டிக்கு அனுப்பத் தீர்மானித்தார். அதற்குத் தலைமையாசிரியை கையெழுத்துப் போட வேண்டும். அவர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த அறை உங்களுக்குத் தெரியும்.

"யாரு எழுதிக் குடுத்தா?" என்றார்.

"நானே எழுதினேன் டீச்சர்."

"எட்டாவது படிக்கிற பிள்ள எழுதுறதா இது? வீட்டுல யாராவது சாமி இல்லைன்னு பேசுற ஆளு இருக்காங்களா?"

சாமி இருக்கிறார் என்றுதானே எழுதியிருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து மறுபடியும் எழுதச் சொன்னார். நான் எழுதினேன். எழுத்துக்கு எழுத்து அதேதான் வந்தது. எனக்கு வேறு என்ன வரும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், "பாத்தியா, மனப்பாடம் பண்ணியிருக்கா" என்று பக்கத்தில் நின்ற தமிழ் டீச்சரிடம் சொன்னார். மறுநாள் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்.

அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அவரை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே தாளை வாங்கி, வரிக்குக் கீழே விரலை ஓட்டி, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். அவ்வளவு நேரம் அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

"ஒரு மதத்துப் பிள்ள பொழச்சது, இன்னொரு மதத்துப் பிள்ள போச்சுன்னு எழுதியிருக்கா. தெருவுல சண்டையாகிப் போனா யாரு பதில் சொல்றது?" என்றார் தலைமையாசிரியை.

மதம் என்ற சொல்லே அந்தக் கட்டுரையில் இல்லை. அதை அவருக்குச் சொல்ல எனக்கு இப்போது வயதிருக்கிறது, கேட்க அவர் இல்லை.

அப்பா தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இவதாம்மா எழுதியிருப்பா. இவ அங்க நின்னுக்கிட்டிருந்தா" என்றார். அவ்வளவுதான்.

சைக்கிளில் திரும்பும்போது அடிப்பார் என்று எதிர்பார்த்து முதுகைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அங்கே காலை ஊன்றி நின்றவர் திரும்பாமலேயே சொன்னார். "அம்மாட்ட சொல்லிராத. எதிர்வீட்டு அத்த காதுக்கும் போயிரக் கூடாது. எங்கயோ போட்டிக்குத்தான போகுது, யாரு கேக்கப் போறா." அவர் குரல் நடுங்கியது. கோபம் என்று அன்று நினைத்தேன். பல வருஷம் கழித்து ஒருநாள் சாயங்காலம் நானும் என் பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வாசலில் நின்றபோதுதான் அந்தக் குரலின் அர்த்தம் தெரிந்தது. அவருக்கும் பயம்.

அப்பா சொன்னதற்கோ, தமிழ் டீச்சர் விடாமல் கேட்டதற்கோ, தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுவிட்டார். கட்டுரை போன சில நாளில் தம்பிக்கு மேல் சுட்டது. காலையில் எழுந்தவன் வாயைத் திறக்க முடியவில்லை என்று அழுதான். கன்னமும் தாடையும் வீங்கியிருந்தன. அம்மா பித்துப் பிடித்தவள் மாதிரி ஆனாள். கும்பிடப் போன கை பாதியில் நின்றது. முன்னே சொன்னதையே செய்யாதவள் இப்போது எந்த முகத்தோடு வேண்டுவாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கோ இது யாரால் வந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

ஓட்டமாகப் பள்ளிக்கூடம் போய்த் தமிழ் டீச்சர் முன்னால் நின்றேன். "டீச்சர், அந்தக் கட்டுரையைத் திருப்பி வாங்கிருங்க. நான் வேற எழுதித் தாரேன். சாமி நல்லவர்னு எழுதித் தாரேன்."

அவர் என் தலையைத் தடவினார். "பயப்படாத. நல்லா எழுதியிருக்க. மேடையில ஏறப்போற பயம் எல்லாருக்கும் இருக்கும்" என்றார். "தேர்வாயிருக்கு. வர்ற ஞாயித்துக்கிழம நீயே படிக்கணும். வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வா."

நல்லவர் அவர். நான் எதற்குப் பயந்தேன் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

தம்பிக்கு வந்தது சாதாரண அம்மைக்கட்டு. சந்தனம் அரைத்துப் போட்டு, வேப்பிலையில் படுக்க வைத்ததில் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. எனக்கு நிம்மதி வரவில்லை. இது எச்சரிக்கை, மேடையில் படித்தால் அடுத்தது வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு அன்று வேலை. போக வேண்டாம் என்று அம்மாவைத் தடுக்க அவர் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. மகள் மேடையேறப் போகிறாள் என்ற பெருமை அவளுக்கு. கட்டுரையில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை, பள்ளிக்கூடத்தில் எழுதியது நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். காலையில் தலை சீவிக்கொண்டு தெருவுக்கு வந்தால், எதிர்வீட்டு வாசலில் அத்தை செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் மதினியக் கூப்பிட்டேன்" என்றாள் அம்மா. "வீட்டுக்குள்ளயே கெடக்கா. ஒன்னைப் பாத்தா அவளுக்கும் ஆறுதலா இருக்கும்."

அத்தை என் கன்னத்தைத் தொட்டாள். மாதக்கணக்கில் வெயில் படாத கை. "எம்புட்டு வளந்துட்ட" என்றாள்.

டவுன் பஸ்ஸில் அத்தைக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான். தம்பி அம்மா மடியில். பஸ் எங்காவது கெட்டு நிற்கட்டும், டயர் வெடிக்கட்டும் என்று யாரிடமாவது வேண்டிக்கொள்ள ஆசையாக இருந்தது. யாரிடம் வேண்டுவது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்றேன். அத்தை தன் முந்தானையிலிருந்து ஓமத்தை எடுத்து என் வாயில் போட்டாள். மென்றுகொண்டே ஜன்னல் வழியே மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டு போனேன். அது கூடவே வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் கூட்டம். மேடையில் சால்வை போர்த்திய பெரியவர்கள். முன்வரிசையில் தமிழ் டீச்சர் என் தாளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அம்மாவும் அத்தையும் மூன்றாவது வரிசை. எனக்கு முன்னால் படித்தவர்கள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. என் முறை வந்தபோது டீச்சர் தாளைக் கையில் கொடுத்து முதுகில் லேசாகத் தட்டினார்.

அம்மாவும் அத்தையும் வருகிற நடுவரிகளை விட்டுவிட்டுப் படித்துவிடலாம் என்று மேடையேறும்போதுகூட முடிவு பண்ணியிருந்தேன். ஆனால் பயத்தில் கண் தாளைவிட்டு நகரவில்லை. எது இருந்ததோ அதை வாய் படித்துக்கொண்டே போனது. "என் அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும்" என்றதும் நிமிர்ந்துவிட்டேன். அத்தையின் முழங்காலில் அம்மா கை வைத்திருந்தாள். அந்தக் கை மெதுவாகத் திரும்பி அவள் மடிக்குப் போனது. அத்தை அசையவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே மின்விசிறி கடகடத்தது. மீதியைப் படித்து முடித்தேன். கை தட்டினார்களா என்று எனக்குத் தெரியாது.

பரிசு கிடைக்கவில்லை. சால்வை போர்த்திய ஒருவர், இந்தக் குழந்தை இறை நம்பிக்கையை இன்னும் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். தமிழ் டீச்சர் முகம் சிறுத்துப்போனது.

வெளியே வந்தோம். தேர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து ஒரு கல்லில் அத்தை உட்கார்ந்தாள். அம்மா நின்றுகொண்டே இருந்தாள். தம்பி தேர்ச் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கப் போனான். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

"இவ எழுதுனது நெசம் இல்ல மதினி" என்றாள் அம்மா.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டி அடக்கினாள்.

"இவ பாத்தது முதல்ல வேண்டுனது. பொறவு டாக்டர் வந்து ரெண்டு பிள்ளைகளையும் பாத்துட்டு ஒன்னும் சொல்லாமப் போனாரே. அப்ப நான் மாத்திக் கேட்டேன். ரெண்டுல ஒன்னுதான் குடுப்பேன்னா, என்னுதக் குடுத்துருன்னு கேட்டேன்." அவள் குரல் உடையவில்லை. தட்டையாக இருந்தது. "அதனாலதான் மலைக்குப் போகல. போயி நின்னா, நான் கேட்டதுக்குத்தான் ஒம்மவள எடுத்தாருன்னு ஆயிருமே."

அத்தை எழுந்து அம்மாவை அடிப்பாள், அல்லது இந்தத் தெருவில் விழுந்து கதறுவாள் என்று நினைத்தேன். அவள் கல்லில் கையூன்றிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போனது.

"நானும் அதத்தான் கேட்டேன் மதினி" என்றாள். "அதே வார்த்த. ஒன்னுதான்னா என்னுதக் குடு அல்லான்னு. அதுக்குப் பொறவு ஒம்மவன் பக்கம் நான் திரும்பக்கூட இல்ல. அடுத்த பிள்ளைய விட்டுட்டுக் கேட்டதுக்குத்தான் எனக்கு இந்தத் தண்டனைன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அத்தைக்குத்தான் முதலில் அழுகை வந்தது. அம்மா அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுததுகூட இவ்வளவு சத்தமாக இல்லை.

இரண்டு பேரும் ஒன்றையே கேட்டார்கள், கிடைத்தது வேறு வேறு என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. அப்படியானால் கேட்டதால் கிடைக்கவும் இல்லை, கேட்டதால் போகவும் இல்லை. நான் எழுதியதால் அம்மைக்கட்டு வந்திருக்குமா? அந்தக் கேள்வி அப்போதே தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அன்றைக்குத்தான் அதைக் கேள்வியாகக் கேட்க முடிந்தது.

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தம்பியைக் கூப்பிட்டு அவன் முடியைக் கையில் அள்ளிப் பார்த்தாள்.

"இன்னைக்கே போயிருவமா, மலைக்கு?"

"மதினி, ஒன்னைய வச்சுக்கிட்டு எப்படி..."

"எம்புள்ள போச்சுன்னு ஒம்புள்ள தலையில இத வளத்துக்கிட்டிருந்தா அவ திரும்பி வந்துருவாளா? எந்திரி." அவள் குரலில் கோபம் இருந்தது. அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அவளுக்குக் கோபம் வந்ததே அன்றுதான்.

குதிரைவண்டி பிடித்து, ஊரை அடுத்த அந்தப் பெருமாள் மலை, அதற்கும் திருவண்ணாமலை என்றுதான் பெயர், அதன் அடிவாரத்துக்குப் போனோம். முடியெடுக்கிறவர் கத்தியைத் தீட்டியதும் தம்பி அலறிக்கொண்டு ஓடப் பார்த்தான். அம்மாவால் அவனைப் பிடிக்க முடியவில்லை. அத்தைதான் அவனை மடியில் அமுக்கி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "ஆடாதலே, செத்த நேரந்தான். ஆடாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஈர முடி அவள் சேலையெல்லாம் விழுந்தது.

அத்தை படியேறவில்லை. கீழே உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் மட்டும் ஏறினோம். சன்னிதியில் எல்லாரும் கும்பிடும்போது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதத்தை மட்டும் பார்த்தேன். பயம் போய்விட்டது என்று கதை சொல்ல எனக்குத் தெரியாது. இன்றைக்கும் வீட்டில் யாருக்காவது மேல் சுட்டால் முதலில் வருவது அதுதான். அன்று வரை நான் மட்டும் தனியாகப் பயந்துகொண்டிருந்தேன், அது மாத்திரம் போனது.

தம்பிக்கு இப்போது பேரன் பிறந்துவிட்டான், உங்களுக்குப் படம்கூட அனுப்பினேன். அத்தைக்கு அப்புறம் ஒரு மகன் பிறந்து, அவன் தொழிலோடு குடும்பமே தென்காசிப் பக்கம் போய்விட்டது. அம்மா கடைசியாகப் படுத்தபோது அத்தை வந்து பத்துப் பதினைந்து நாள் கூட இருந்துவிட்டுப் போனாள். இருவரும் அந்த நாளைப் பற்றிப் பிறகு பேசி நான் கேட்டதில்லை.

மலையிலிருந்து திரும்பி வந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்கால டவுன் பஸ்ஸில் கூட்டம் இல்லை. அம்மா ஜன்னலோரம், மடியில் மொட்டைத்தலையோடு தம்பி. நடுவில் நான். இந்தப் பக்கம் அத்தை. ஊரைத் தாண்டியதும் அத்தை கண் அயர்ந்தாள். தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் விழுந்தது. பிள்ளை போனதிலிருந்து அவள் தூங்குவதே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று மாமா அப்பாவிடம் சொன்னதைக் கேட்டிருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் எழுந்துவிடுவாளோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தோள் மரத்துப்போனது. அசையவில்லை.

ராஜபாளையம் வந்து எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

"எறங்குங்கம்மா, வண்டிய ஓரங்கட்டணும்."

அம்மா அவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "செத்த நேரம் இருக்கட்டும்ணே. அவிய தூங்கி ரொம்ப நாளாச்சு."

கண்டக்டர் அத்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, டீ குடிக்க இறங்கிப் போனார்.